நம்ம நோட்டு

பிரிக்பீல்ட்ஸ்
14 ஜூன் 1942

உ

தம்பி யூனுஸ்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக லத்தீன் அகராதியின் அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உள்ளே இருக்கும் தாள்களை ஒன்றும் செய்யவில்லை, அட்டையை மட்டும்தான். முதுகில் தங்க எழுத்தில் பெயர் இருந்தது. அதுதான் தூரத்திலிருந்தே ஆளைக் கூப்பிடுகிறது. எரியும்போது கொஞ்சம் பச்சையாகப் புகைந்தது. பாலன் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, ரோமாபுரியையே கொளுத்திட்டியா?"

அவனுக்கு எதுவும் விளையாட்டுதான். ரயில்வே தந்தி ஆபீஸில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தும் அவனால் இப்படிப் பேச முடிகிறது. என்னால் முடியவில்லை. போன வாரம் ஜப்பான்காரர்கள் எங்கள் வரிசையில் மூன்று வீடுகளைச் சோதனை போட்டார்கள். நல்லம்மாள் வீட்டில் இங்கிலீஷில் ஒரு சமையல் புத்தகம் அகப்பட்டது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கிச் சொல்ல அவள் புருஷனை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கேக் செய்யும் முறையை இரண்டு நாள் விளக்கினாராம் மனிதர்.

அதனால்தான் எழுதுகிறேன். நம் மூன்று நோட்டுகளும் இந்த வீட்டில் இருக்கக்கூடாது. எரிக்கவும் மனம் வரவில்லை. எட்டு வருஷ வேலை. டெப்ரிகேட்டையும் டெப்ரீஷியேட்டையும் மாற்றிச் சொல்லி நீதிபதியிடம் திட்டு வாங்கிய கிள்ளான் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் ஒருவர், வேறு யார், நீதான், 'இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்ததுபோல இருக்கிறதே, அக்கா' என்று எழுதிய முதல் கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஒன்று லத்தீனில் வேண்டுதலிலிருந்து வந்தது, மற்றது விலையிலிருந்து வந்தது என்று பதில் எழுதினேன். அங்கே தொடங்கியதுதான் எல்லாம். இங்கிலீஷில் ஒன்றுபோலத் தெரியும் சொற்களை வேர் பிடித்துப் பிரித்துக்காட்டி, நம் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கைப்புத்தகம். இன்றைக்கு அதைக் கேட்பார் யாருமில்லை. பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் நான் கற்றுக்கொள்ளும் ஜப்பான் பாட்டை மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். பி.ஏ. படித்ததற்கு இது.

அடுத்த ஞாயிறு பாலன் நோட்டுகளைக் கொண்டுவந்து உன்னிடம் கொடுப்பான். உன் மாமா துணிக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே வைத்துவிடு.

நிறுத்திய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். டிராடெரே. டிரான்ஸ் என்றால் அந்தப் பக்கம், டாரே என்றால் கொடு. ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கொடுப்பது. தகப்பன் மகனுக்குக் கொடுத்தால் டிரடிஷன், மரபு. கோட்டைச் சாவியை எதிரிக்குக் கொடுத்தால் டிரீஸன், துரோகம். அப்படிக் கொடுத்தவன் டிரெய்ட்டர். பிட்ரே என்ற சொல்லின் உள்ளேயும் அதே வேர்தான் ஒளிந்திருக்கிறது. கொடுக்கும் செயல் ஒன்றுதான். யார் கையில் கொடுத்தோம் என்பதில் பெயர் மாறிவிடுகிறது. இதற்கு உன் பாணியில் உதாரண வாக்கியங்கள் எழுது. அவசரமில்லை.

கடிதங்களை எப்போதும்போல ரெங்கசாமியிடமே கொடு. அவர் கிள்ளான் வண்டியில் கார்டாக இருக்கும்வரை நம் தபாலைத் தணிக்கைக்காரர் பார்க்க வேண்டியதில்லை.

அன்புடன்
புஷ்பவல்லி


கிள்ளான்
28-6-2602

786

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். தேதியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ஆபீஸில் ஒரு நாளைக்கு ஐம்பது காகிதத்தில் ஜப்பான் கணக்குப்படி 2602 என்று போட்டுப் போட்டு, கை தானாகவே அறுநூற்று அறுபது வருஷம் முன்னால் ஓடிவிடுகிறது. ஆம், ஜப்பான்காரர்களின் விசாரணை ஆபீஸ்தான். கோர்ட்டில் இருந்த மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லும் இடமில்லை. போன மாதமே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அங்குள்ள அதிகாரிக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். பிடிபட்டவர்கள் அவரவர் மொழியில்தான் பேச வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். நடுவில் நான். இன்டெர்பிரஸ் என்றால் லத்தீனில் இரண்டு பேருக்கு இடையில் நிற்கிற தரகன் என்று நீங்கள்தானே எழுதிக்கொடுத்தீர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பாலன் அண்ணன் நோட்டுகளைச் சேர்த்தார். கடைக்குள் நுழைந்ததுமே தாவூத் மாமாவிடம், "மாமா, ரெண்டு முழம் லத்தீன் கொண்டாந்திருக்கேன், கிழியாம வச்சிக்குங்க" என்றார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அது என்னப்பா புதுத் துணி, சாயம் போவுமா?" என்று கேட்டார். வீட்டுக்காரி நசீமாவுக்கு உள்ளே சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

டிராடெரே படித்தேன். அக்கா, இதில் தமிழ் லத்தீனுக்கு இளைத்ததல்ல. நம்மிடமும் எல்லாம் 'கொடு'வில்தான் இருக்கிறது. கைகொடு, விட்டுக்கொடு, காட்டிக்கொடு. முன்னால் ஒரு சொல்லை மாற்றினால் போதும், ஆள் மாறிவிடுகிறான். இதை அடிக்குறிப்பாகச் சேர்த்துவிட்டேன்.

மிட் என்று முடியும் சொற்குடும்பத்துக்கு வாக்கியம் பாக்கி இருந்ததல்லவா, அதையும் முடித்துவிட்டேன். ரப்பர், தேயிலை, பசுமாடு என்று எழுதி எழுதிப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். கொஞ்சம் துப்பறியும் கதை மாதிரி இருக்கட்டுமே என்று, டிரான்ஸ்மிட்டுக்கு 'சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கு அவன் விளக்கால் செய்தி அனுப்பினான்' என்றும், அட்மிட்டுக்கு 'கடைசியில் அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்' என்றும் எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அடித்துவிடலாம்.

தங்கள் தம்பி
யூனுஸ்


பிரிக்பீல்ட்ஸ்
9 பிப்ரவரி 1943

யூனுஸ்,

பாலனைக் கொண்டுபோய்விட்டார்கள். நேற்று மத்தியானம், ஆபீஸிலிருந்தே. வீட்டுக்குக் கூட வரவிடவில்லை. அவனோடு வேலை பார்க்கும் விஜயன் சைக்கிளில் வந்து சொன்னான். வாசலில் நின்றபடி, "ஒரு நீல அட்ட நோட்ட மேச மேல போட்டாங்கக்கா. இத கிள்ளான்ல கொண்டு குடுத்தது நீதானேன்னாங்க. அண்ணன் ஆமான்னாரு. அவ்வளவுதான், கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றான்.

நீல அட்டை என்றால் இரண்டாவது நோட்டு. அது உன்னிடம் இருந்தது. அப்படியானால் உங்கள் கடையைச் சோதனை போட்டிருக்கிறார்கள். நீ எப்படி இருக்கிறாய்? நசீமா? உன் மாமா? உன்னையும் பிடித்துவிட்டார்களோ என்று இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். ரெங்கசாமி இன்று காலை உன்னை ஸ்டேஷன் பக்கம் பார்த்ததாகச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

நோட்டு என்னுடையது. லத்தீனும் தமிழும் என் கையெழுத்து. வாக்கியங்கள் உன்னுடையவை. பாலனுக்கு அதில் ஒரு புள்ளி கூடக் கிடையாது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தவன், அவ்வளவே. நான் போய், 'இது என்னுடையது, பள்ளிக்கூடப் பாடம்' என்று சொன்னால் அவனை விட்டுவிடுவார்களா? அல்லது இரண்டு பேரையும் பிடித்துக்கொள்வார்களா? எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும், நீ அந்த அறையில் நிற்கிறவன். போகலாமா என்று ஒரு வார்த்தை எழுது. உன் பதில் வரும்வரை நான் அசையமாட்டேன்.

புஷ்பவல்லி


13-2-2603

அக்கா,

வராதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் இங்கே வராதீர்கள். நோட்டைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். மற்ற இரண்டையும் அழித்துவிட்டேன்.

பாலன் அண்ணன் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

யூனுஸ்


பிரிக்பீல்ட்ஸ்
2 மே 1943

யூனுஸ்,

உன் பிப்ரவரிக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. 'பாலன் அண்ணன் உங்கள் பெயரைச் சொல்லவில்லை.' சொல்லவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக் கேட்டிருப்பாய் என்று மூன்று மாதம் எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கு கடிதம் எழுதிக் கேட்டேன். நீ பதில் போடவில்லை.

நேற்று செந்தூலிலிருந்து ஜெயராஜ் என்று ஒருவர் வந்தார். மின்சாரக் கம்பி வேலை பார்க்கிறவர். எழுபது நாள் உள்ளே இருந்து, போன வாரம் வெளியே வந்தவர். ஒரு பக்கப் பல் இல்லை. அன்று பாலனையும் அவரையும் ஒரே அறையில் சுவரோரமாக நிறுத்தியிருந்தார்களாம். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"தொப்பி போட்ட ஒரு பாய் இருந்தாருக்கா, நடுவுல நின்னு பேசுறவரு. அவர பாத்ததும் அண்ணன் மொகத்துல ஒரு தெம்பு வந்திரிச்சி. எங்கிட்ட மெதுவா, 'நம்மாளுதான், இனி கவல இல்ல'ன்னாரு. அந்த ஜப்பான்காரன் என்னமோ கேட்டான். பாய் தமிழ்ல, 'இது யாருடைய நோட்டு?'ன்னாரு. அண்ணன் அவர நேரா பாத்து, லேசா சிரிச்ச மாதிரி, 'நம்ம நோட்டுதானே'ன்னாரு. பாய் ஜப்பான்காரன் பக்கம் திரும்பி ஒரே சொல்லு, 'மைன்'னாரு. அப்புறம் அண்ணன் தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. அதுக்கு மேல எத்தன அடிச்சும் ஒண்ணும் பேசல."

பிறகு அவர் என்னிடம் கேட்டார். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுக்கா. மைன்னா என்னா? நம்மளோடதுன்னுதானே அர்த்தம்?"

நான் அவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன், சொல். ஆமாம் என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

எட்டு வருஷம், யூனுஸ். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மயிரிழை இடம் இருந்தாலும் விடமாட்டாய். 'அக்கா, இது சரியாக வரவில்லை' என்று ஒரே வார்த்தைக்காக மூன்று கடிதம் எழுதுவாய். உனக்கா 'நம்ம'வும் 'என்னுடைய'வும் ஒன்றாகிவிட்டது?

வந்தது நீயாக இல்லாமல் வேறு யாராவது இருந்திருந்தால் பாலன் 'நம்ம' என்றே சொல்லியிருக்க மாட்டான். எதிரில் நின்றது நீ என்பதால்தான் அந்தச் சொல் அவன் வாயில் வந்தது.

புஷ்பவல்லி


கிள்ளான்
20-5-2603

அக்கா,

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

துணி பதுக்கியிருக்கிறோமா என்று பார்க்கத்தான் கடைக்கு வந்தார்கள். நீல நோட்டு அகப்பட்டது. மற்ற இரண்டும் வேறு மூட்டையில் இருந்தன. இது எங்கிருந்து வந்தது என்று தாவூத் மாமாவைக் கேட்டார்கள். மாமா உள்ளதைச் சொன்னார்: ரயில்வே பாலன் கொண்டுவந்து கொடுத்தது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் அப்போது ஆபீஸில் இருந்தேன். சாயங்காலம் அதே நோட்டை என் மேசையில் வைத்து, என்ன எழுதியிருக்கிறது, படி என்றார்கள். என் கையெழுத்தையே எனக்கு முன்னால் வைத்தார்கள், அக்கா, கையெழுத்து என்னுடையது, கடை என் மாமாவுடையது என்று தெரியாமலே. கப்பல், விளக்கு, செய்தி. அதிகாரி விரலை வைத்துக் காட்டிய வரி அதுதான். இது பள்ளிக்கூட நோட்டு, சொற்பாடம் என்று அன்றே சொன்னேன். அவர் சிரித்தார். 'பாடத்தில் ஏன் துறைமுகத்தின் பெயர் வருகிறது?' என்றார். நான் என்ன சொல்வது? பிள்ளைகளுக்குத் தூக்கம் வராமல் இருக்க என்றா?

அந்த அறையில் பாலன் அண்ணன் 'நம்ம' என்றது உண்மை. நான் அதை 'அவர்ஸ்' என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, யார் யார்? நீங்கள், நான், அவர். மூன்று பேர். நான் 'மைன்' என்றேன். ஒரு பேர். கணக்குப் போட்டுச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். ஒரு மூச்சு விடும் நேரம். நசீமாவுக்கு அப்போது ஆறாம் மாதம்.

நம்ம ஊர்ப் பக்கம், 'நம்ம பேரு நாகையா' என்றுதானே ஜனங்கள் சொல்கிறார்கள்? அங்கே நம்ம என்றால் என் என்றுதானே பொருள்? அதைக் கோர்ட்டில் நூறு தடவை 'மை நேம்' என்று மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு நீதிபதியும் என்னைத் தப்பு என்று சொன்னதில்லை.

இன்னொன்று. பாலன் அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியும். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் மறுக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் பிரிக்பீல்ட்ஸில் உயிரோடு உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுத முடிகிறதென்றால் அதற்கு அந்த ஒரு சொல்தான் காரணம். அதையும் ஒரு தரம் நினைத்துப் பாருங்கள்.

யூனுஸ்


பிரிக்பீல்ட்ஸ்
11 ஜூன் 1943

பாலனை சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவனை ஏற்றிய வண்டி எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்டவாளத்தில்தான் போயிருக்கிறது. அன்று நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சம்மதம் என்கிறாய். அவன் மறுப்பதென்றால், 'இல்லை, நான் சொன்னது வேறு, இந்த ஆளும் இதில் உண்டு' என்று உன்னைக் கை காட்டியிருக்க வேண்டும். அதை அவன் செய்யவில்லை. நீ அதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்கிறாய்.

இனி எனக்கு எழுதாதே.

பு.


கிள்ளான்
4 நவம்பர் 1945

786

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இரண்டரை வருஷம் எழுதவில்லை. இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

பாலன் அண்ணன் சயாமில் காலராவில் காலமான செய்தியை, திரும்பி வந்தவர்கள் சொல்லக் கேட்டேன். உங்களிடம் என்ன சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது? இன்னா லில்லாஹி. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

என்னை மூன்று வாரமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்ததும், அந்த ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் எல்லாரையும் விசாரிக்கிறார்கள். ஜெயராஜ் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். நான் அடித்தேன் என்றோ, ஆளைப் பிடித்துக் கொடுத்தேன் என்றோ யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்தான். தெரிந்தே மாற்றிச் சொன்னேனா என்பதுதான் கேள்வி. தமிழும் இங்கிலீஷும் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, 'நம்ம' என்றால் என்ன என்று கேட்கப் போகிறார்களாம். உங்களைத்தான் கூப்பிடுவார்கள். பி.ஏ., அதிலும் பாலனின் அக்கா. நீங்கள் சொல்வதை அவர்கள் மீறமாட்டார்கள்.

அக்கா, நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு என்று மட்டும் சொல்லுங்கள். அது உண்மைதானே? நம் நோட்டில் எத்தனை சொல்லுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் பொருள் எழுதியிருக்கிறோம்! இதற்கும் அப்படி எழுதுங்கள். என் மகளுக்கு இரண்டு வயதாகிறது. அவள் பெயர் மஜீதா.

தங்கள்
யூனுஸ்


பிரிக்பீல்ட்ஸ்
17 நவம்பர் 1945
சனிக்கிழமை

யூனுஸ்,

நேற்று நசீமா வந்திருந்தாள், குழந்தையோடு. கிள்ளானிலிருந்து லோரியில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. குழந்தைக்கு வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு கொடுத்தேன். அது பாதியைத் தின்றுவிட்டு மீதியை என்னிடமே நீட்டியது.

"அவரு உங்களக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னாரு, அக்கா?" என்றாள் நசீமா.

"யாரைக் கேட்டுக் காப்பாத்தினாரு?" என்றேன்.

"அந்த நேரத்துல கேட்டுக்கிட்டா இருப்பாங்க? நீங்க அங்க நின்னிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க, சொல்லுங்க."

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. "நீ போம்மா, இருட்டறதுக்குள்ள வண்டியப் பிடி" என்று அனுப்பிவிட்டேன். வாசலில் திரும்பி, "ஒரு வார்த்த, அக்கா. ஒரே வார்த்ததான்" என்றாள். எல்லாருடைய தலைவிதியும் ஒரே வார்த்தையில் நிற்கிறதென்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

விசாரணை நடத்தும் வெள்ளைக்காரக் காப்டன் திங்கட்கிழமையே வந்து பார்த்துவிட்டுப் போனார். சின்ன வயது, முகமெல்லாம் வெயிலில் உரிந்திருக்கிறது. தட்டச்சு செய்த தாளில் இங்கிலீஷ் எழுத்தில் 'நம்ம' என்று இருந்தது. அப்படி எழுதிப் பார்த்தால் அது ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது. "மைன் ஆர் அவர்ஸ்?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்துவிட்டார். வரும் திங்கட்கிழமை விசாரணையில் சொல்கிறேன் என்றேன்.

ஒரு வாரமாக அந்தச் சொல்லோடுதான் இருக்கிறேன். முதலில் பழைய வழக்கப்படி லத்தீனில் தேடினேன். நோஸ்டர் என்று ஒரு சொல் இருக்கிறது. 'எங்கள்' என்றாலும் அதுதான், 'நம்' என்றாலும் அதுதான். இங்கிலீஷும் அப்படியே. கேட்கிறவனையும் சேர்த்துச் சொல்கிறோமா, அவனை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்கிறோமா என்று பிரித்துக்காட்ட அந்த இரண்டு மொழியிலும் இடமில்லை. நமக்கு இருக்கிறது. பேச ஆரம்பிக்கும் குழந்தைக்குக் கூட அது தெரியும். எங்க வீடு என்றால் நீ விருந்தாளி. நம்ம வீடு என்றால் நீ உள்ளே வந்துவிட்டாய். இதை நோட்டில் எங்கேயும் நாம் எழுதவில்லை. லத்தீன் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தோம், காலடியில் இருந்ததைப் பார்க்கவில்லை.

நீ சொல்வதும் பொய்யில்லை. 'நம்ம பேரு நாகையா' என்று சொல்கிறார்கள். அங்கே பொருள் 'என்' என்பதுதான். ஒன்று, இரண்டு என்று எண் போட்டுச் சொல்ல முடியும். சொன்னால் நீ வெளியே வந்துவிடுவாய். நானும் பொய் சொன்னவள் ஆகமாட்டேன். இவ்வளவு வசதியான உண்மை எனக்கு வேறு எப்போதும் கிடைத்ததில்லை.

ஆனால் அகராதி எல்லாருடைய வாயையும் சேர்த்துப் பேசுகிறது. அன்று பேசியது பாலனின் வாய். அவனோடு முப்பத்தொன்பது வருஷம் இருந்திருக்கிறேன். தனக்குச் சொந்தமானதை அவன் ஒருநாளும் நம்ம என்று சொன்னதில்லை. என் சட்டை, என் சைக்கிள், என் சம்பளம். சின்ன வயதில் அதற்காக அடி கூட வாங்கியிருக்கிறான். நம்ம என்று அவன் சொன்னது சில பேரைத்தான். நோட்டுகளைக் கிள்ளானுக்குக் கொண்டுபோன அன்று, பத்திரம், பத்திரம் என்று நான் பின்னாலேயே போனேன். "நம்ம யூனுஸ்கிட்டதானே குடுக்கப் போறேன், ஏன் இப்படி நடுங்குற?" என்றான். இதை நான் உனக்கு இதுவரை எழுதியதில்லை. நீ அதைக் கேட்கத் தகுதியில்லாதவன் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் எழுதியதில்லை. 1943 பிப்ரவரியில் 'வராதீர்கள்' என்ற உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. போகாமல் இருப்பதற்கு ஒருவர் கையெழுத்துப் போட்டுக் காகிதம் கொடுத்துவிட்டார். உன் பதில் வரும்வரை அசையமாட்டேன் என்று உன்னிடம் கேட்டேனே, அதுவே ஒரு தந்திரம்தான் என்று இப்போது தெரிகிறது. போகிறவள் கேட்டுக்கொண்டா போவாள்? நோட்டு என்னுடையது என்று அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்று சொல்ல எனக்கு பிப்ரவரி இருந்தது, மார்ச் இருந்தது, ஏப்ரல் இருந்தது. ஜூனில்தான் வண்டி போயிற்று. நான் போகவில்லை. உன்னை வெறுப்பதில் மும்முரமாக இருந்தேன். அது இருந்ததால் வேறு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இதை எழுதிவிட்டதால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. நான் பயந்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். அவன் உன்னைக் கண்டதும் தெம்பாகி நின்றதை நீயும் பார்த்திருப்பாய்.

பள்ளிக்கூடத்தில் ஜனவரியிலிருந்து என்னைத் தலைமை ஆசிரியையாகப் போடப் போகிறார்கள். இங்கிலீஷ் மறுபடியும் வந்துவிட்டது. சாட்சி சொல்லும்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் பழனியப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க பேரு எதிலயும் வராம பாத்துக்குங்கம்மா." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று நசீமாவிடமும் சொல்லவில்லை, காப்டனிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை ரெங்கசாமியிடம் கொடுக்கப் போவதும் இல்லை. திங்கட்கிழமை மற்றவர்களோடு நின்று நீயும் காதால் கேட்டுக்கொள்.

அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்று சொல்வேன், ஏனென்றால் உண்டு. பாலன் எந்தப் பொருளில் சொன்னான் என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். 'மைன்' அல்ல. 'அவர்ஸ்.' அப்புறம் அந்தக் காப்டன் பேனாவை வைத்துக்கொண்டு, யார் யார் என்று கேட்பார். நீ அன்று பயந்தாயே, அதே கேள்வி. மூன்று பேர் என்பேன். எழுதிக்கொள்ளப் பெயர் கேட்டால் முதலில் என் பெயரைச் சொல்லுவேன். அடுத்தது உன் பெயர்.

புஷ்பவல்லி